காஸ்தான், வேறொன்றுமில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்து மணிக்கு அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அம்மா கூப்பிட்ட சத்தத்தில் எழும்பி ஓடினேன். அப்பாவின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிக் கிடந்தது. நெற்றி, கழுத்து எல்லாம் குளிர்ந்த வியர்வை. தூக்கி இருத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “ஒண்டுமில்லை பிள்ளை, காஸ்தான். இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ தா, சரியாயிடும்.”

பிளேன்டீ போடவில்லை. 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்தேன். சுவசெரிய அம்புலன்ஸ் வந்து, ஒரு சதம் வாங்காமல், அரசாங்க வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விட்டது. அங்கே நின்ற இளம் டொக்டர் சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். சத்தி எடுத்தாரா? வயிறு நோகிறதா? நோக்குளிசை ஏதாவது போடுகிறாரா? வெளிக்குப் போவது என்ன நிறம்?

கடைசிக் கேள்விக்கு அப்பா வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. டொக்டருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். என்னைத் திரைக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது: ஒன்பது நாளாக அப்பாவுக்குத் தார் போலக் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒன்பது நாளும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டிருக்கிறோம்.

“ஏனப்பா சொல்லேல்லை?”

“இதையெல்லாம் பொம்பிளைப் பிள்ளையிட்ட எப்பிடியம்மா சொல்லுறது?”

அந்தப் பதிலுக்கு எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். “சாப்பிட்டாச்சா?” என்பதுதான் எங்கள் சனத்தின் வணக்கம். காலையில் இடியப்பமா பாணா, சொதிக்கு என்ன போட்டது, மத்தியானம் மீன் என்ன விலை என்று அரை மணித்தியாலம் கதைப்போம். உள்ளே போனதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாங்கள், வெளியே போவதைப் பற்றிக் கட்டின மனைவியிடமும் சொல்வதில்லை. ‘வெளிக்குப் போதல்’ என்ற சொல்லே மறைத்துச் சொல்வதற்காகப் பிறந்த சொல்தானே. சரி, சபையில் மறைக்கலாம். வீட்டுக்குள்ளும் டொக்டரின் முன்னாலும் மறைத்தால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்தேன். அப்பாவின் ஹீமோகுளோபின் 6.4. ஆண்களுக்கு 13 அளவிலாவது இருக்க வேண்டியது. மூன்று பை இரத்தம் ஏற்றினார்கள்.

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசிந்தால், அது அமிலத்தோடு கலந்து, குடல் முழுவதும் பயணம் செய்து, சிவப்பு நிறம் போய்க் கறுப்பாக வெளியே வரும். ஒட்டும் தன்மையும் ஒரு தனி நாற்றமும் இருக்கும். 50 முதல் 100 மில்லிலீட்டர் இரத்தம் கசிந்தாலே இந்த நிறம் வந்துவிடும், அதாவது அரைக் கோப்பைத் தேநீர் அளவுகூட வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசை போடுபவர்களுக்கும் கறுப்பாகப் போகலாம், அதில் பயமில்லை. ஆனால் அந்தக் குளிசை போடாத ஒருவருக்குத் தார் போலப் போனால், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த நாள் வாய்வழியாக இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் ஒரு புண், அதன் நடுவில் இரத்தம் கசிந்த அடையாளம். காரணம் அப்பாவின் முழங்கால்.

ஐந்து மாதமாக முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக் குளிசை, ஒரு நாளைக்கு இரண்டு. ஒரு முறை டொக்டர் ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு துண்டே இல்லாமல், பழைய மட்டையைக் காட்டி, பாமசியில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். கொடுத்தவர்களும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதோடு, இதயத்துக்கென்று நெடுநாளாகப் போடும் சின்ன அஸ்பிரினும் சேர்ந்திருக்கிறது. இரைப்பையின் உள்பக்கத்தை அதன் சொந்த அமிலத்திலிருந்து காக்க ஒரு சளிப் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தை ஊறவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையும், மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் பொருளையும் உடம்பு ஒரே வழியில்தான் செய்கிறது. டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை அந்த வழியை அடைக்கின்றன. முழங்கால் வலி குறையும், இரைப்பையின் காவலும் குறையும். வயது அறுபத்தைந்து தாண்டியவர்கள், முன்பு புண் வந்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து பல மடங்கு. சாப்பிட்டபின் போட்டால் ஒன்றும் செய்யாது என்று அம்மா நம்பியிருந்தார். சாப்பாடு வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் தடுக்கலாம், புண்ணைத் தடுக்காது. குளிசை இரத்தத்தில் கலந்த பிறகும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எங்கள் சொந்தக்காரர்கள் வார்டுக்கு வந்து ஒரே கதை சொன்னார்கள்: “உறைப்பைக் குறைக்கச் சொல்லிச் சொன்னனாங்கள்தானே.” மிளகாயின் மேல் பழி போடுவது மிகச் சுலபம். ஏற்கெனவே எரிகிற வயிற்றை உறைப்பு இன்னும் எரியச் செய்யும், அது உண்மை. ஆனால் புண்ணை உண்டாக்கும் முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று இந்த நோக்குளிசைகள். மற்றது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இரைப்பை அமிலத்தில் கிருமி உயிர் வாழாது என்றுதான் வைத்திய உலகம் வெகுகாலம் நம்பியது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் ரொபின் வொரனும் பரி மார்ஷலும் அதை மறுத்தார்கள். யாரும் கணக்கில் எடுக்காததால், மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, சில நாட்களில் சத்தியும் இரைப்பை அழற்சியும் வந்ததை நிரூபித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று மூச்சுச் சோதனையிலோ மலப் பரிசோதனையிலோ அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, இரண்டு கிழமை மருந்தில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். வாழ்நாள் முழுக்க ‘அல்சர்காரர்’ என்று பெயர் வாங்கி, வெறும் சோறும் மோரும் சாப்பிட்டுச் செத்துப்போன எங்கள் தாத்தாவின் தலைமுறையை நினைத்துக்கொள்கிறேன்.

‘காஸ்’ என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கொழும்பில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழிக்காரரும் ஒரே மாதிரிச் சொல்லும் நோய் ‘கஸ்ரைட்டிஸ்’. வைத்தியக் கணக்கில் அது இரைப்பையின் உட்சுவர் அழன்றிருப்பது. உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் கமரா விட்டு, ஒரு துணுக்குத் தசை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை எதற்கெல்லாம் பாவித்தோம் என்று வார்டு வாங்கில் இருந்தபடி எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பரிப்பு சாப்பிட்டால் வயிறு பொருமுவது காஸ். எனக்கு இரவில் தொண்டை வரை புளித்து வருவது காஸ். சித்தியின் மகளுக்கு உயர்தரப் பரீட்சை நேரத்தில் வயிற்றைப் பிசைவது காஸ். அப்பாவுக்குத் தலைசுற்றுவது காஸ். பெரியப்பாவுக்கு நெஞ்சு இறுக்கியதும் காஸ். ஐந்தும் ஐந்து வேறு விஷயம். ஒரு பெயர் வைத்துவிட்டதால் அடுத்த கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பெரியப்பாவின் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கொட்டாஞ்சேனையில் இருந்தார், நீரிழிவுக்காரர். ஒரு இரவு சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் ஒரு பாரம், குமட்டல், வேர்வை. காஸ் என்று சொல்லி உப்பு மருந்து கரைத்துக் குடித்தார். ஏப்பம் வந்தது, கொஞ்சம் சுகமாகவும் இருந்ததாம். விடியும் முன்னே போய்விட்டார். மாரடைப்பு. இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் இரத்தம் தடைப்படும்போது மேல்வயிற்று நோவும் குமட்டலுமாகத்தான் அது பலருக்குத் தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல்கூட வரலாம். ஏப்பம் விட்டதும் சுகமாயிற்று, அமில மருந்தில் தணிந்தது என்பதெல்லாம் இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியே இல்லை. நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ பாரம் வைத்ததுபோல இறுக்கம், அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், வேர்வை, மூச்சு வாங்குதல், படியேறினால் கூடுதல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் ஒரு ஈசிஜி. பிறகு காஸைப் பற்றிக் கதைக்கலாம். முச்சக்கர வண்டி தேடிக்கொண்டு நிற்காமல் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸிலேயே கவனிக்கத் தொடங்குவார்கள்.

என் புளித்தேப்பம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. கொள்ளுப்பிட்டியில் வேலை முடித்து, பஸ் நெரிசலில் வந்து, குளித்து, அம்மாவுடன் கதைத்துச் சாப்பிட இரவு ஒன்பதரை, பத்து ஆகும். பத்தரைக்குப் படுக்கை. உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாட்டை உள்ளே விட்டுக் கதவு போல மூடிக்கொள்ளும். வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால் அந்தக் கதவுக்கு மேல் பாரம், அமிலம் மேலே வரும். ஆறு வருடம் பாமசிக் குளிசையில் ஓட்டினேன். அப்பாவின் சம்பவத்துக்குப் பிறகுதான் குடும்ப டொக்டரிடம் போய் ஒழுங்காகச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தேன், அதாவது படுக்க மூன்று மணித்தியாலம் முன்பு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து ஏழெட்டு அங்குலம் உயர்த்தினேன். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும், அதனால் கட்டிலையே உயர்த்தச் சொன்னார்கள். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவுகிறது. ஒமெப்ரசோல் எட்டுக் கிழமை எடுத்தேன். அதைக் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போட வேண்டும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது, எரிந்த பிறகு போட்டுக்கொண்டிருந்தேன். அமிலம் சுரக்கும் பம்பிகளை அவை வேலை தொடங்கும் நேரத்தில் நிறுத்துவதுதான் அந்த மருந்தின் வேலை. சாப்பாடு தொண்டையில் சிக்குவதுபோல இருந்தால், காரணமில்லாமல் மெலிந்தால், அல்லது ஐம்பது தாண்டிய வயதில் புதிதாக இப்படி எரியத் தொடங்கினால், குளிசையோடு நிற்காமல் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அம்மாவின் பொருமலுக்குப் பாதிக் காரணம் பால்மா. ஒரு நாளைக்கு நாலு கோப்பைப் பால்தேநீர். பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியை உடைக்கும் நொதியம் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துபோகிறது. உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான். இரண்டு கிழமை பால் சேர்க்காத பிளேன்டீக்கு மாறிப் பார்த்தார், வயிறு அமர்ந்தது. தயிர் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் உறை ஊறும்போதே லக்டோஸில் ஒரு பகுதி போய்விடும். மீதிப் பாதி மலச்சிக்கல். இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் சேர்ந்து இறுக்கிவிட்டன.

மலச்சிக்கலைப் பற்றி ஒரு விஷயம் மனம் நொந்து சொல்கிறேன். இந்த நகரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம், வழியில் நம்பிப் போகக்கூடிய மலசலகூடம் இல்லை, சில கடைகளில் வேலை செய்பவர்களுக்கே ஒழுங்கான ஒன்று இல்லை. வந்ததை அடக்கி அடக்கி, கடைசியில் குடல் கூப்பிடுவதையே நிறுத்திவிடுகிறது. அவர்களிடம் போய்க் கீரை சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. ஆனாலும் காலையில் சாப்பிட்ட அரை மணித்தியாலத்துக்குள் குடல் தானாக அசையும் நேரம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை வீட்டிலேயே ஒதுக்கிப் பாருங்கள். காலடியில் ஒரு சின்ன முக்காலி வைத்துக் குந்துவதுபோல இருந்தால் இன்னும் சுலபம். வல்லாரைச் சம்பல், பயறு, கடலை, சிவப்பரிசி, பப்பாசி எல்லாம் உதவும்.

சித்தியின் மகளுக்கு இருந்தது எரிச்சல் குடல் என்று கண்டுபிடித்தார்கள். வயிற்றைப் பிசையும், போய்விட்டு வந்தால் குறையும், ஒரு கிழமை இறுகும், ஒரு கிழமை இளகும். குடலுக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன, மூளையோடு இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கும். பரீட்சைப் பயம் வயிற்றில் தெரிவது கற்பனை இல்லை. “சும்மா நடிக்கிறாள்” என்று வீட்டில் சொன்னதுதான் பிள்ளையை அதிகம் நோகச் செய்தது. இந்த நோய் பொதுவாக நித்திரையில் இருந்து எழுப்பாது, இரத்தம் போகாது, உடம்பு மெலியாது. இந்த மூன்றில் எது வந்தாலும் வேறு காரணம் தேட வேண்டும்.

மழை வந்து வெள்ளம் ஏறினால் கொழும்பில் வயிற்றோட்டமும் கூட வரும். இதற்கு உடனே நிறுத்துகிற குளிசை தேடுவதை விட, ஜீவனிப் பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். அரைப் பக்கெட், அரைக் கோப்பை என்று கண்மதிப்பில் கரைத்தால் உப்பு கூடிவிடும். கொஞ்சம் குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் அதோடு தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். இவ்வளவு எளிய விஷயம். 1971இல் மேற்கு வங்காளத்தின் பொங்கான் அகதி முகாமில் கொலரா பரவி சேலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலானபிஸ் என்ற வைத்தியர் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஜீவனிக்கு ஈடாகாது. சிறுநீரக நோயாளிகளுக்கு அதன் பொட்டாசியம் ஆபத்தாகவும் முடியும். குழந்தைக்குக் கண் குழி விழுந்தால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், யாருக்கானாலும் இரத்தம் கலந்து போனால், காய்ச்சல் கடுமையானால், வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

சிவப்பு இரத்தம் போனால் நாங்கள் உடனே ‘மூலம்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது மூலம்தான். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் அதே இரத்தத்தோடு தொடங்கலாம், மூலம் உள்ளவருக்கும் அது வரலாம். நாற்பது தாண்டியவருக்கு இரத்தம் போனால், போகும் பழக்கம் சில கிழமைகளாக மாறியிருந்தால், இரத்தச்சோகை இருந்தால், ஒரு டொக்டர் கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெட்கத்தில் ஒரு வருடம் ஒளித்துவைத்த ஒருவரை எங்கள் மாடியிலேயே இழந்திருக்கிறோம்.

பெரிய நிபுணரைத் தனியாரில் சனல் பண்ணி (நேரம் பதிந்து), ஆயிரக்கணக்கில் கட்டி, இரவு பதினொரு மணி வரை இருந்து, உள்ளே போனதும் மூன்று நிமிடத்தில் “கஸ்ரைட்டிஸ் டொக்டர்” என்று சொல்லிவிட்டு வருவதுதான் எங்கள் பழக்கம். நோயின் பெயரைச் சொல்ல அவர் இருக்கிறார். நாங்கள் சொல்ல வேண்டியது எங்கே, எப்போதிருந்து, சாப்பிடுவதற்கு முன்னா பின்னா, இரவில் எழுப்புகிறதா, என்ன நிறம், எத்தனை தரம், நிறை குறைந்ததா, என்னென்ன குளிசை என்பதுதான். நான் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன். குளிசை மட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் எங்களைத் தெரிந்த ஒரு குடும்ப டொக்டரிடம் முதலில் போவது, என் அனுபவத்தில், நேரே நிபுணரிடம் போவதைவிட நல்லது.

எட்டுக் கிழமை கழித்து அப்பாவுக்கு மறுபடி கமரா விட நாள் கொடுத்திருந்தார்கள். இரைப்பைப் புண் என்றால், முழுக்க ஆறிவிட்டதா, உள்ளே வேறேதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டைக்ளோபெனாக் நிறுத்தியாயிற்று. முழங்காலுக்கு பனடோலும் தடவுகிற மருந்தும் பயிற்சியும். அஸ்பிரினைத் தொடர்வதா என்பதை இதய டொக்டரும் இவர்களும் கதைத்து முடிவு செய்தார்கள், அதைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. வாங்கில் இருந்தபோது அப்பா எதையோ வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிட்டதும் நானும் கூட எழும்பினேன். “நீ இரு பிள்ளை, நானே சொல்லுறன்” என்றார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. டொக்டர் கேட்க முன்பே அப்பா தொடங்கினார், புடவைக்கடையில் கணக்குச் சொல்லும் அதே குரலில்: “தென் களு பாட்டட யன்னே நே, டொக்டர். தவசட்ட எக்க பாரய்.” இப்போது கறுப்பாகப் போவதில்லை, நாளுக்கு ஒரு தரம்தான்.